குழாயை ஒட்டுவதா, உருக்குவதா, முறுக்குவதா?

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டுக்குக் குழாய் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எந்தக் கம்பெனி, அடி என்ன விலை என்பதைத்தான். எப்படி இணைக்கப் போகிறோம் என்பதை பிளம்பர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் குழாய் நடுவில் ஒழுகுவது அபூர்வம். இணைப்பில்தான் ஒழுகும்.

வெள்ளை யுபிவிசி, வெளிர் மஞ்சள் சிபிவிசி என்ற இரண்டு பிளாஸ்டிக் குழாய்களும் சொல்யூஷன் போட்டு ஒட்டுகிறவை. பச்சை நிற பிபிஆர் பிளாஸ்டிக் குழாய் சூட்டில் உருக்கி இணைப்பது. டேப், வால்வு, கீசர் வருகிற இடங்களில் மரை போட்டு முறுக்குகிறோம். எதை எங்கே வைப்பது? பூசி மூடப்போகிற சுவருக்குள் ஒட்டிய இணைப்பும் உருக்கிய இணைப்பும் மட்டுமே போகலாம். யூனியனும் (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு) வால்வும் கை எட்டுகிற இடத்தில் வெளியே இருக்க வேண்டும். டேப் மாட்டுகிற எல்போ (முழங்கை வளைவு) ஒன்றுக்குத்தான் விலக்கு. அதிலும் உள்ளே பித்தளை மரை வைத்ததையே வாங்குங்கள். வெறும் பிளாஸ்டிக் மரைக்குள் உலோக டேப்பை முறுக்கினால் அது ஆப்பு மாதிரி உள்ளே இறங்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில மாதம் கழித்து எல்போ நீளவாக்கில் கீறிக்கொள்ளும், டைல்ஸை உடைக்க வேண்டிவரும்.

சொல்யூஷனைப் பசை என்று நினைத்துத்தான் பாதித் தவறு நடக்கிறது. அது குழாயின் மேல்தோலைக் கரைக்கிறது. கரைந்த இரண்டு பரப்பும் ஒன்றுகலந்து இறுகுகின்றன. சிபிவிசி கரைய வீரியம் கூடிய சொல்யூஷன் வேண்டும், அதனால் யுபிவிசி டப்பாவில் மிச்சமிருப்பதை அதற்குப் பூசக் கூடாது. ஜெல்லி மாதிரி கெட்டியாகிவிட்டதைத் தின்னர் ஊற்றி இளக்குவதும் வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

குழாயை நேராக வெட்டி, ஓரத்துப் பிசிரை எடுத்து, வெளி விளிம்பை லேசாகச் சரிவாக்குங்கள். ஈரம் போகத் துடையுங்கள். பழைய லைனில் ஒட்டும்போது வால்வு சொட்டிக்கொண்டே இருந்தால் அந்த ஒட்டு நிற்காது. சொல்யூஷன் இல்லாமல் செருகிப் பார்த்தால் சாக்கெட்டில், அதாவது எல்போ போன்ற ஃபிட்டிங்கில் குழாய் நுழைகிற வாயில், மூன்றில் ஒரு பங்கிலிருந்து இரண்டு பங்கு வரை போய் இறுக வேண்டும். லொடலொடவென்று அடிவரை போனால் அந்த ஃபிட்டிங்கை மாற்றுங்கள். பிறகு குழாயில் தாராளமாகவும் சாக்கெட்டுக்குள் மெல்லிசாகவும் பூசி, கால் சுற்று திருப்பியபடி அடிவரை செருகி, முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். சாக்கெட் உள்ளே போகப் போகக் குறுகுவதால், உடனே கையை எடுத்தால் குழாய் பின்னால் நழுவி வந்துவிடும். சாக்கெட்டுக்குள் அதிகம் பூசினால் உள்ளே குட்டையாகத் தேங்கிக் குழாய்ச் சுவரையே இளக்கிவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், மொட்டைமாடியில் கிடந்த குழாயில் பூசினால் செருகுமுன்பே காய்ந்துபோகிறது. நிழலில் வைத்து, காலையிலேயே ஒட்டுங்கள்.

வெந்நீருக்கு யுபிவிசி ஆகாது. சிபிவிசி 93 டிகிரி வரை தாங்கும். அதன் எஸ்டிஆர் 11 குழாய் (வெளி விட்டம் சுவர்த் தடிமனைப்போல் 11 மடங்கு இருப்பது) 23 டிகிரியில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 28 கிலோ அழுத்தம் தாங்குகிறது, 82 டிகிரியில் 7 கிலோதான். மாடித் தொட்டி பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ அழுத்தம் தரும் என்பதால், சாதாரண வீட்டுக்கு இது தாராளம். சூட்டில் மூன்று மீட்டர் குழாய் 40 டிகிரி உயர்வுக்கு 8 மில்லிமீட்டர் நீளும். கிளாம்பில் நசுக்கிப் பிடிக்காதீர்கள். கீசர் வாயில் நேரடியாகச் சிபிவிசி கொடுக்காமல், உலோகப் பின்னல் போட்ட கனெக்‌ஷன் ஹோஸ் கொடுங்கள்.

மரையில் டெஃப்லான் டேப்பை (வெள்ளை நாடா) வலச்சுற்றாகச் சுற்றி, கையால் இறுக்கியபின் ஸ்பேனரில் ஒன்றரைச் சுற்று போதும். சணலும் பெயிண்டும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) காலத்துப் பழக்கம். எண்ணெய்ப் பெயிண்டில் உள்ள கரைப்பான் பட்டால் சிபிவிசியில் நாளடைவில் விரிசல் விடும்.

பிபிஆரில் 260 டிகிரி இயந்திரத்தில் 20 மில்லிமீட்டர் குழாயை 14 மில்லிமீட்டர் ஆழம் செருகி ஐந்து விநாடி சூடாக்கி, நான்கு விநாடிக்குள் திருகாமல் நேராகச் சேர்க்க வேண்டும். 25 மில்லிமீட்டருக்கு ஏழு விநாடி. கூடுதலாக உருகினால் உள்ளே வளையம் கட்டித் துவாரம் சுருங்கி, தண்ணீர் நூலாக வரும். கைப்பழக்கம் உள்ளவர் செய்தால் அருமையான இணைப்பு. ஆனால் நாளைக்கு ஒரு எல்போ மாற்றவும் அதே இயந்திரம் வேண்டும். உங்கள் ஊரில் அது யாரிடமும் இல்லையென்றால் சிபிவிசியே மேல்.

கடைசி ஒட்டு போட்டு 24 மணி நேரம் கழித்து டெஸ்ட் பம்பு (அழுத்தம் ஏற்றிச் சோதிக்கும் பம்பு) வையுங்கள். காற்றழுத்தம் கொடுத்துச் சோதிக்காதீர்கள், குழாய் சிதறிக் காயப்படுத்தும். தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு முனையிலும் காற்றை வெளியேற்றி, 10 கிலோவில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். உள்ளே காற்று தங்கியிருந்தால் ஒழுகாமலே அழுத்தம் காட்டும் முள் இறங்கும், மறுபடி காற்றை எடுத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் இறங்கினால் ஒவ்வொரு ஒட்டாக உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். முள் நிற்கிற வரைக்கும் பூச்சு வேலைக்காரர் காத்திருக்கட்டும்.