26 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள் பள்ளிக்கு வந்தபோது

[திரையில்: இன்குபேட்டரில் ஒரு பச்சிளங்குழந்தை]

1995ஆம் ஆண்டு பிரிட்டனிலும் அயர்லாந்திலும் கர்ப்பத்தின் 26 வாரம் நிறைவதற்குள் பிறந்த குழந்தைகளை ஓர் ஆய்வுக் குழு தொடர்ந்து கவனிக்கத் தொடங்கியது. எபிக்யூர் என்று அதற்குப் பெயர்.

ஆறு வயதில் 241 பிள்ளைகளைச் சோதித்தார்கள். சோதனையோடு வரும் அளவுகோலின்படி, அறிதிறனில் வெகுவாகப் பின்தங்கியவர்கள் 21 சதவீதம். சரி, அதே வகுப்பில் படிக்கும் நிறைமாதப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால்? 41 சதவீதம்! அந்த முதல் அளவுகோலை மட்டும் நம்பியிருந்தால், சிரமப்படுபவர்களில் பாதிப் பேரின் சிரமம் வெளியே தெரிந்திருக்காது.

[திரையில்: மூளையின் எம்ஆர்ஐ படங்கள்]

24ஆவது வாரத்தில் மூளையின் மேற்பரப்பு ஏறக்குறைய வழவழவென்றுதான் இருக்கும். மடிப்புகள் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் விழுகின்றன. நரம்பிழைகளுக்கு உறை போட வேண்டிய செல்களும் அப்போது முதிர்ந்திருக்காது. ஆக்சிஜன் குறைந்தாலோ கிருமித் தொற்று வந்தாலோ அவை எளிதில் அடிபடும். உறை சரியாக அமையாவிட்டால் மூளைக்குள் செய்தி போய்ச் சேரத் தாமதமாகும்.

[திரையில்: கரும்பலகையில் 28 + 47]

வகுப்பில் இது எப்படித் தெரியும்? இப்படிப் பிறந்த ஒரு பிள்ளை இந்தக் கணக்கைப் போடுகிறது. எட்டும் ஏழும் பதினைந்து. ஐந்தை எழுதிவிட்டு ஒன்றை மனதில் வைக்க வேண்டும். இரண்டும் நாலும் ஆறு என்று கூட்டுவதற்குள் அந்த ஒன்று நழுவிவிடுகிறது. விடை 65. பிள்ளைக்குக் கூட்டல் நன்றாகவே தெரியும். இடையில் பிடித்து வைக்கத்தான் முடியவில்லை. நோட்டில் விழுவதோ 'கவனக்குறைவு' என்ற சிவப்பு மைக் குறிப்பு. இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் சேட்டை செய்வதில்லை, சத்தமில்லாமல் கவனம் சிதறுகிறார்கள். அதனாலேயே ஆசிரியர் கண்ணில் படாமல் போகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

'வளர வளரச் சரியாகிவிடும்' என்று உறவினர்கள் ஆறுதல் சொல்வார்கள். ஆனால் இந்த ஆய்வில் 19 வயது வரை பார்த்தும் நிறைமாதப் பிள்ளைகளோடு உள்ள சராசரி இடைவெளி மூடவில்லை. அதற்காக, சராசரியை ஒரு பிள்ளையின் தலையெழுத்தாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதே குழுவில், ஆறு வயதில் ஐந்தில் ஒருவருக்கு எந்தக் குறைபாடும் இல்லை. 30, 31 வாரத்தில் பிறந்தவர்களுக்குப் பொதுவாக இடைவெளி இன்னும் குறைவு.

பெற்றோர்களே, பள்ளியில் சேர்க்கும்போது எத்தனையாவது வாரத்தில் பிறந்த பிள்ளை என்று கட்டாயம் சொல்லுங்கள். ஆசிரியர்களே, ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். மனதில் வைக்கும் அந்த ஒன்றைக் கணக்குக்கு மேலே எழுதிக்கொள்ளவிடுங்கள். தேர்வில் கூடுதல் நேரம் கொடுங்கள்.