கணினிக்கு வயதாகிவிட்டதென்று யார் சொல்வது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எதிரே உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்களே, எல்லோருக்கும் வணக்கம். அன்றாடப் பயனாளருக்கு ஏற்றது வணிக இயங்குதளமா, கட்டற்ற இயங்குதளமா என்பது தலைப்பு. இயங்குதளம் என்பது கணினியை ஓட்டுகிற அடிப்படை மென்பொருள்; விண்டோஸ், மேக் போன்றவை வணிக வகை, லினக்ஸ் போல மூலநிரலை, அதாவது எழுதிய நிரலையே, யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று விட்டது கட்டற்ற வகை. நான் கட்டற்ற பக்கம் பேச வந்திருக்கிறேன். ஆனால் முதலில் எங்கள் அணியையே கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது, மன்னிக்க வேண்டும்.

எனக்கு முன்னால் பேசிய எங்கள் அணித் தம்பி, “ஆண்ட்ராய்டுக்குள் ஓடுவது லினக்ஸ் கெர்னல், ஆகவே பையில் ஃபோன் வைத்திருக்கும் எதிரணியினர் எல்லோருமே எங்கள் கட்சிதான்” என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, லினக்ஸ்தான், மறுக்கவில்லை. ஆனால் வேறு இயங்குதளத்தை ஏற்ற முடியாதபடி பூட்லோடர் பூட்டியிருக்கிற, தயாரித்தவர் அப்டேட்டை நிறுத்தினால் அதோடு கதை முடிந்துபோகிற ஒரு ஃபோனைக் காட்டி இதுதான் கட்டற்ற உலகம் என்று சொன்னால் என் வாதத்துக்கு நானே குழி பறிப்பது போல. அதேபோல உலகின் முதல் 500 சூப்பர் கணினிகள் அத்தனையிலும் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸ்தான் என்றார். அதுவும் உண்மை, ஆனால் சூப்பர் கணினியில் யாரும் பேரப் பிள்ளையின் படம் பார்ப்பதில்லை. அந்த இரண்டு வாதத்தையும் நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வீட்டு மேசை மேல் இருக்கிற கணினியைப் பற்றி மட்டும் பேசுவோம்.

எதிரணித் தலைவர் நல்ல வரி ஒன்று சொன்னார். சாதாரணப் பயனாளர் என்பவர் இயங்குதளத்தைப் பற்றி நினைக்கவே விரும்பாதவர், அவரிடம் போய் மூலநிரல், சுதந்திரம் என்று பாடம் எடுக்காதீர்கள் என்றார். ஐயா, முழுக்க ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் முடித்த இடத்தில்தான் நான் ஆரம்பிக்கிறேன். நினைக்க விரும்பாதவருக்காக வேறு யாரோ நினைத்து முடிவெடுத்துவிடுகிறார்கள், அந்த முடிவு பெரும்பாலான நாள் அவருக்குத் தெரிவதே இல்லை, தெரிகிற அன்று கணினியையே மாற்ற வேண்டியதாகிவிடுகிறது.

2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அதற்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. பத்து வருடம், குறை சொல்லக் கூடிய காலமில்லை. சரி, அடுத்து விண்டோஸ் 11க்குப் போகலாமே என்றால் வாசலிலேயே ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது: டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், கணினி எழும்போதே கள்ள மென்பொருளைத் தடுக்கிற செக்யூர் பூட் வசதி வேண்டும், பிராசசர் அங்கீகரித்த வரிசையில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்து, அந்தத் தலைமுறை வந்ததே 2017இல்தான். ஆக 2016இல் ஒருவர் இருப்பதிலேயே வேகமான பிராசசர், 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி என்று பார்த்துப் பார்த்து வாங்கிய கணினி, இன்றைக்கும் பட்டனைத் தட்டினால் பத்து விநாடியில் எழுந்து நிற்கிற கணினி, பட்டியலில் இல்லை. அதற்கு ஒரு நோயும் இல்லை, காகிதத்தில் மட்டும் இறந்துவிட்டது.

டிபிஎம் கேட்பது பாதுகாப்புக்காகத்தானே என்று எதிரணி அம்மையார் கேட்டார். காரணம் பொய்யில்லை அம்மா, ரகசியச் சாவியைத் தனிச் சிப்பில் வைப்பது நல்லதுதான். அந்தச் சிப் இல்லாதவருக்கு அதற்காகப் பாதுகாப்புத் திருத்தமே கிடையாது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. ஒரு வருடம் நீட்டிப்பு தருகிறார்கள் என்றும் சொன்னீர்கள். வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் வரை என்று அறிவித்தார்கள், அதில் சேர மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்து உள்ளே நுழைய வேண்டும். இனிமேல் யாராவது மேக் என்று கை தூக்குவதற்குள் அதையும் சொல்லிவிடுகிறேன்: இன்டெல் சிப் போட்ட மேக் ப்ரோவை ஆப்பிள் 2023 வரை விற்றுக்கொண்டிருந்தது, 2025இல் வந்த மேக்ஓஎஸ் டஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு என்று அறிவித்துவிட்டது.

இந்தப் பக்கம் என்ன நிலைமை? லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் ஹெல்சின்கியில் மாணவராக இருந்தபோது லினக்ஸை எழுத ஆரம்பித்தது 386 சிப் போட்ட கணினியில். அந்தச் சிப் வந்த வருடம் 1985. லினக்ஸ் கெர்னல் அதைக் கைவிட்டது 2012 டிசம்பரில். 27 வருடம்! கைவிட்டபோது மனிதர் கண்ணீரும் விடவில்லை, தொலைந்தது சனியன் என்கிற தொனியில் ஒற்றை வரி எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். ஆகவே எங்கள் பக்கம் பழையதைக் கழிப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. லினக்ஸோடு தேவையான மென்பொருளையும் சேர்த்துக் கட்டிய தொகுப்பை டிஸ்ட்ரோ என்போம்; அப்படி ஒரு டிஸ்ட்ரோவான, 2025இல் வந்த டெபியன் 13கூட பழைய 32 பிட் கணினிகளுக்கான நிறுவலை நிறுத்திவிட்டது. ஆனால் இங்கே ஒருவர் கதவைச் சாத்தினால் அதுவே கடைசிக் கதவில்லை. மூலநிரல் வெளியே கிடக்கிறது, தேவைப்படுகிற நாலு பேர் சேர்ந்தால் இன்னொரு டிஸ்ட்ரோவில் அது தொடர்ந்து ஓடும், அப்படித்தான் ஓடிக்கொண்டும் இருக்கிறது.

புத்தகக் கதை போதும், நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். என் அத்தையிடம் ஒரு மடிக்கணினி, மெதுவாகிவிட்டதென்று அலமாரியில் துணிக்கு அடியில் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் ஒரு லினக்ஸ் டிஸ்ட்ரோவை ஏற்றினேன். பெண்டிரைவிலிருந்து நிறுவி முடிக்க இருபது நிமிடம். பெருமையாகத் திருப்பி அத்தையிடம் கொடுத்தால், வைஃபை இல்லை. மூலையில் அந்த விசிறிப் படமே காணோம். இணையம் இருந்தால்தான் வைஃபை சிப்பை ஓட்டுகிற டிரைவர் மென்பொருளை இறக்க முடியும், டிரைவர் இருந்தால்தான் இணையம் வரும். “ஏண்டா, அது பாட்டுக்குக் கிடந்தது” என்று அத்தை ஆரம்பித்துவிட்டார். கடைசியில் என் ஃபோனை யூஎஸ்பி வயரில் சொருகி, டெதரிங்கைத் தட்டி, அந்த இணையத்தில் டிரைவர் மேலாளரைத் திறந்தால் பட்டியலில் அந்தச் சிப்பின் பெயர் தானாகவே நின்றது, ஒரு புள்ளியைச் சொடுக்கி மறுபடி இயக்கினேன், வந்துவிட்டது. நாற்பது நிமிடம் போனது. என் அத்தைக்கு இதைத் தனியாகச் செய்யத் தெரியாது என்று எதிரணி சொன்னால், ஆமாம், சத்தியமாகத் தெரியாது.

ஆனால் அதே அத்தைக்கு வணிக இயங்குதளத்தையும் நிறுவத் தெரியாதே! இந்த அரங்கில் விண்டோஸ் வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் அதை வெறும் கணினியில் தானே நிறுவியிருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். பாருங்கள், நடுவர்கூடத் தூக்கவில்லை. எதிரணி ‘சுலபம், சுலபம்’ என்று அடுக்கியதில் பாதி, இயங்குதளத்தின் சுலபம் இல்லை, யாரோ ஏற்கனவே ஏற்றி, டிரைவர் எல்லாம் பார்த்து, பெட்டியில் வைத்துக் கொடுத்த சுலபம். அந்த உபகாரத்தை லினக்ஸுக்கும் செய்தால் என்ன ஆகும் என்று ஊகிக்க வேண்டாம், நடந்தே இருக்கிறது. 2022 பிப்ரவரியில் வால்வ் நிறுவனம் ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கேம் கருவியை விட்டது. உள்ளே ஓடுவது ஆர்ச் லினக்ஸை வைத்துக் கட்டிய ஸ்டீம்ஓஎஸ். ஆர்ச் என்றால் எங்கள் ஆட்களே பலர் கிட்டப் போகத் தயங்குகிற டிஸ்ட்ரோ. அதை வைத்துக்கொண்டு, கட்டளை தட்டுகிற டெர்மினலை விமான நிலையம் என்று நினைக்கிற பிள்ளைகள், விண்டோஸுக்கென்று எழுதிய கேம்களை ஆடிக்கொண்டிருக்கிறார்கள். தாங்கள் லினக்ஸ் பயனாளர்கள் என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். எதிரணித் தலைவர் சொன்ன ‘நினைக்கவே விரும்பாதவர்’ இவர்தானே ஐயா?

அடுத்து, “காசு கொடுத்து வாங்கினால் பொறுப்பேற்க ஒருவர் இருப்பார், இலவசத்தில் யார் சட்டையைப் பிடிப்பது” என்ற கேள்வி. விண்டோஸ் உரிம ஒப்பந்தத்தை யாராவது படித்திருக்கிறீர்களா? நானும் ஒரே ஒரு தடவைதான், அதுவும் இந்த மேடைக்காக. மென்பொருள் விற்கப்படவில்லை, உரிமம்தான் தரப்படுகிறது என்று எழுதியிருக்கிறது. நஷ்டம் வந்தால் அதிகபட்சம் மென்பொருளுக்கு நீங்கள் கொடுத்த தொகை வரைக்கும்தான் கேட்கலாம் என்றும் இருக்கிறது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் ஒன்று சிலருடைய கோப்புகளையே அழித்துவிட, நிறுவனம் அதை நிறுத்திவைத்துச் சரிசெய்து மறு மாதம் மறுபடி விட்டது. அழிந்துபோன கோப்புகளுக்கு யார் சட்டையைப் பிடித்தார்கள்? நியாயமாகச் சொல்லிவிடுகிறேன், கட்டற்ற உரிமமான ஜிபிஎல்லும் ‘உத்தரவாதம் எதுவும் கிடையாது’ என்றுதான் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. சட்டை இரண்டு பக்கமும் இல்லை. காசு வாங்கிக்கொண்டு இல்லை என்பதற்கும் வாங்காமல் இல்லை என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

எதிரணியின் மூன்றாவது பேச்சாளர் எக்ஸ்இசட் விவகாரத்தை எடுத்தபோது எனக்கே கொஞ்சம் வியர்த்தது. கேட்காதவர்களுக்காகச் சுருக்கமாக: எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்னக் கருவி, கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் இருக்கும். அதைச் சம்பளமில்லாமல் பராமரித்துச் சோர்ந்துபோயிருந்த ஒரு தனி மனிதருக்கு உதவுகிறேன் என்று புனைபெயரில் ஒருவர் வந்து, இரண்டு வருடத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை செய்து, சாவியை வாங்கிக்கொண்டு, 2024 தொடக்கத்தில் வெளியாள் ரகசியமாக நுழைய உள்ளே ஒரு பின்கதவு வைத்துவிட்டார். இது கட்டற்ற உலகின் நிஜமான ஓட்டை. உழைப்பவரைக் கவனிக்காமல் விட்டதன் பலன், அதை நான் பூசி மெழுகப் போவதில்லை.

ஆனால் அது பிடிபட்ட விதத்தை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலாளர் வேறு ஏதோ சோதித்துக்கொண்டிருக்கும்போது, தூரத்துக் கணினியை அணுக உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகப் பிடிக்கிறதே என்று உறுத்தியிருக்கிறது. அரை விநாடி, நாமென்றால் கொட்டாவி விட்டுவிட்டுப் போயிருப்போம். அவர் தோண்டிக்கொண்டே போய், கருவியைப் பிரித்துப் பார்த்து, மார்ச் 29ஆம் தேதி ஊருக்கே சொல்லிவிட்டார், டெபியனின் நிலையான பதிப்புக்கு அது போய்ச் சேருவதற்கு முன்னாலேயே. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்களே, இங்கே பல்லை மட்டுமல்ல, தொண்டை வரைக்கும் கை விட்டுப் பார்க்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அதுதான் அன்றைக்கு எல்லோரையும் காப்பாற்றியது. அந்த மனிதர் வேலை பார்ப்பது மைக்ரோசாஃப்டில் என்பது தனி வேடிக்கை, அதற்காக எதிரணிக்கு ஒரு மதிப்பெண் கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இன்னொன்று, எதிரணியில் ஆளாளுக்கு ‘இலவசம், இலவசம்’ என்றார்கள், அதில் கொஞ்சம் இளக்காரமும் இருந்தது. ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் கட்டற்றதுக்கும் ‘ஃப்ரீ’ என்று ஒரே சொல், அதனால் ஆங்கிலத்தில் பேசுகிற கட்டற்ற ஆட்கள் நாற்பது வருடமாக, 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்த நாளிலிருந்து, விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். நமக்கு அந்தக் கஷ்டமே இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு, சொல்லிலேயே தெரிகிறது. விலை இல்லாமல் கிடைக்கிற எத்தனையோ செயலிகள் நம்மை நன்றாகக் கட்டித்தான் வைத்திருக்கின்றன.

மணி அடிக்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது நடுவர் அவர்களே, ஒரு நிமிடம். ஃபோட்டோஷாப் வைத்துத் தொழில் செய்பவர், எம்எஸ் ஆஃபீஸில் மேக்ரோ எழுதி வைத்துக்கொண்டு அலுவலகம் நடத்துபவர், ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் கேட்கிற சில ஆன்லைன் கேம்களை விட முடியாதவர், இவர்களெல்லாம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். அவர்களை நான் அழைக்கவில்லை, அழைத்தால் நாளைக்கு என்னைத்தான் அடிக்க வருவார்கள். பிரவுசர், கடிதம், படம், பாட்டு, வீடியோ அழைப்பு, ஒரு பிரிண்டர், இவ்வளவோடு நாள் முடிகிறவரைப் பற்றித்தான் இன்றைய தலைப்பு. என் அத்தை அந்த மடிக்கணினியில் இரண்டு வருடமாக இவ்வளவைத்தான் செய்கிறார். அப்டேட் என்று மூலையில் ஒரு சின்னக் கேடயம் தெரியும், தோன்றும்போது அதை அமுக்குகிறார், இயங்குதளத்தோடு பிரவுசரும் மற்றதும் ஒரே இடத்திலிருந்து புதுப்பித்துக்கொள்கின்றன, அதுவாக மறுபடி இயங்குவதும் இல்லை. அதற்குள் இருப்பது என்ன என்று கேட்டால் “நீ போட்டுக் கொடுத்தது” என்பார்.

எதிரணித் தலைவரே, உங்கள் பையில் ஒரு மடிக்கணினி இருப்பதைப் பார்த்தேன். என் சட்டைப் பையில் ஒரு பெண்டிரைவ் இருக்கிறது, லினக்ஸ் மின்ட் என்ற டிஸ்ட்ரோ ஏற்றியது. சொருகி, அதிலிருந்தே இயக்கினால் நிறுவாமலே முழுசாக ஓடும், நீங்களாக நிறுவச் சொல்லாதவரை உங்கள் வட்டில் ஒரு எழுத்துக்கூட மாறாது. தீர்ப்பு எழுத நடுவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் வைஃபை வருகிறதா, ஸ்பீக்கர் கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள். வரவில்லை என்றால் பிடுங்கி என்னிடமே கொடுத்துவிடுங்கள். வந்தது என்றால் பெண்டிரைவ் உங்களிடமே இருக்கட்டும், என்னிடம் இன்னொன்று இருக்கிறது.