கோழியைத் துவைக்காதீர்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். இன்று கோழிச்சாறு பற்றிப் பேசப் போகிறேன். சூப் என்று சொல்வீர்கள், எங்கள் வீட்டில் சாறு. ஓட்டலில் சோளமாவைக் கரைத்து ஊற்றிக் கஞ்சியாகக் கொடுக்கிறார்களே, அது கணக்கில் வராது.

கல்யாணமான புதிது. வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். மாமியார் ஒரு நாட்டுக்கோழியை அறுத்துக் கையில் கொடுத்து, "சாறு வை தாயி" என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார். எனக்கு அவசரம். விறகைத் திணித்து, தளதளவென்று கொதிக்கவிட்டேன். திரும்பி வந்தவர் மூடியைத் தூக்கிப் பார்த்தார். "ஏம்மா, சாறு வைக்கச் சொன்னா கோழியத் துவைச்சுக்கிட்டு இருக்கியா?" என்றார்.

துணி துவைத்த தண்ணீர் மாதிரித்தான் கலங்கிப் போயிருந்தது! அவர் இரண்டு விறகை வெளியே இழுத்தார். பானைக்குள் கொதி அடங்கி, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வந்தது. "மீன் மூச்சு விடுற மாதிரி இருக்கணும்" என்றார். அன்று வந்த கோபம் போய்விட்டது, அந்த வார்த்தை போகவில்லை.

காரணம் பின்னால்தான் புரிந்தது. வேகமாகக் கொதித்தால் மிதக்கிற கொழுப்பு உடைந்து, பொடிப்பொடித் துளியாகத் தண்ணீரோடு கலந்துவிடும். சாறு வெளுத்துக் கலங்கும், நாக்கில் எண்ணெய்ப் பசை ஒட்டும். மெல்லக் கொதித்தால் கொழுப்பு மேலே நிற்கும், கரண்டியால் வழித்துவிடலாம். அதனால், அடுப்பு சிம்மில்.

சரி, பக்குவத்துக்கு வருவோம். 1 கிலோ கோழிக்கு இரண்டரை லிட்டர் தண்ணீர். பச்சைத் தண்ணீரிலேயே போட்டுச் சூடேற்றுங்கள். முதலில் நுரை கட்டும். அழுக்கு என்று பயப்பட வேண்டாம், சூட்டில் திரண்ட புரதம்தான் அது. எடுத்துவிட்டால் சாறு தெளியும். அப்புறம் மஞ்சள், தட்டிய சின்ன வெங்காயம், பூண்டு. மிளகும் சீரகமும் கடைசி அரைமணியில் போட்டால் போதும், மணம் நிற்கும். உப்பு இறக்கும்போது. முதலிலேயே போட்டால், சாறு சுண்டச் சுண்ட உப்புக் கரிக்கும்.

கறிக்கடையில் கழுத்தையும் காலையும் ஒதுக்கிப் போடச் சொல்கிறோமே, அதைக் கேட்டு வாங்குங்கள். கோழிக்காலை வெந்நீரில் முக்கி, மேல்தோலை உரித்து, நகத்தை வெட்டிவிட்டுப் போடுங்கள். சாற்றுக்குப் பிசுபிசுப்பு தருகிற சரக்கு தோலிலும் மூட்டிலும்தான் இருக்கிறது. ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் ஜெல்லி மாதிரி உறையும். கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

பிராய்லர் ஐந்தாறு வாரத்தில் கடைக்கு வந்துவிடுகிறது. இளம் எலும்பு, ஒரு மணி நேரம் போதும். முட்டையிட்டு ஓய்ந்த நாட்டுக்கோழிக்கு மூன்று மணி நேரமாவது வேண்டும். அப்போதும் சிம்மில்தான். திரும்பத் திரும்பச் சொல்கிறாளே என்று நினைப்பீர்கள், எனக்கும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

சளிக்கு இது கேட்குமா என்று கேட்பார்கள். அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்து மருத்துவர் ஸ்டீபன் ரென்னார்ட், தன் மனைவி வீட்டுப் பாட்டியின் பக்குவத்தில் கோழி சூப் வைத்து ஆய்வுக்கூடத்தில் சோதித்தார். 2000இல் வெளியான கட்டுரை அது. சளி பிடித்தால் மூக்கிலும் தொண்டையிலும் வந்து கூடுகிற ஒருவகை ரத்த வெள்ளணுக்களின் ஓட்டம், சூப் பட்டதும் குறைந்ததாம். ஆனால் ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் நடந்த சோதனை அது, ஆளுக்குக் கொடுத்துப் பார்க்கவில்லை. என்னைக் கேட்டால், ஆவி மூக்கில் ஏறினாலே பாதி அடைப்பு விடும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். குக்கரில் வைப்பதைப் பற்றிச் சொல்ல நினைத்தேன், நேரம் இல்லை. மிச்சம் வைப்பது பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். அடுப்படியில் ராத்திரி முழுக்க வைக்காதீர்கள். சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் எடுக்கும்போது மட்டும் தளதளவென்று கொதிக்கட்டும். அதற்கு என் மாமியார் ஒன்றும் சொல்ல மாட்டார். வணக்கம்.