29சியின் கடைசி நிறுத்தம்

அனைவருக்கும் வணக்கம். நம் பெரம்பூர் வாசகர் வட்டத்தில் இந்த மாதம் பயணம் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். காசி, இமயம் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் பேச வந்திருப்பது இங்கிருந்து 29சி பஸ் ஏறினால் போய்ச் சேருகிற இடத்தைப் பற்றி. அடையாறு, பெசன்ட் நகர், திருவான்மியூர். ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கும் கடலோரப் பகுதிகள்.

சின்ன வயதில் எங்களுக்குப் பெசன்ட் நகர் என்றால் கடற்கரை மட்டும்தான். அப்பா கூட்டிப் போவார், அலையில் கால் நனைப்போம், மிளகாய் பஜ்ஜி சாப்பிடுவோம், அதே பஸ்ஸில் திரும்பிவிடுவோம். வழியில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் இறங்கிப் பார்த்ததில்லை. பல வருஷம் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில்தான் முதல் தடவையாக நடந்து பார்த்தேன். அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவையாவது அப்படிப் போய்விடுகிறேன்.

திரு.வி.க. பாலம் தாண்டியதும் இறங்கிவிடுங்கள். இடது பக்கம் பிரம்மஞான சபை, அதாவது தியாசபிகல் சொசைட்டி. சபையை நிறுவிய பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் 1882இல் வாங்கிய தோட்டம். பார்வையாளர்களை விடுவதற்கு நேரக் கணக்கு உண்டு, அதைக் கேட்டுக்கொண்டு போங்கள். உள்ளே கால் வைத்ததும் வண்டிச் சத்தம் அடங்கிவிடும். கோயில், புத்தர் சன்னதி, தேவாலயம், மசூதி எல்லாம் ஒரே தோட்டத்துக்குள் இருக்கின்றன. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் இங்கே வந்து தங்கித்தான் நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

நான் போவது ஆலமரத்துக்காக. வயது சுமார் 450 என்கிறார்கள். 1989இல் அடித்த புயலில் அதன் தாய்மரம் சாய்ந்துவிட்டது. ஆனாலும் மரம் நிற்கிறது. விழுதுகளே தூண்களாகி, எது முதல் மரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாத அளவுக்கு விரிந்து நிற்கிறது. அதன் பக்கத்தில் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். போட்டோ எடுக்கிற வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

1935இல் இந்தச் சபையின் வைர விழாவில்தான் ருக்மிணி தேவி முதல் தடவை மேடையேறி ஆடினார். இன்று பரதநாட்டியம் என்கிறோமே, அந்த நாட்டியத்துக்கு அன்று சதிர் என்று பெயர். பரம்பரையாக அதை ஆடி வந்தவர்கள் தேவதாசிப் பெண்கள். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் கற்றுக்கொண்டு, ஒரு பிராமணக் குடும்பத்துப் பெண் அதை ஆடியது அன்றைக்குப் பெரிய சலசலப்பு. அதே மாற்றத்தில் அந்தக் கலையைக் காப்பாற்றி வைத்திருந்த குடும்பங்கள் மேடையிலிருந்து ஒதுங்க நேர்ந்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து நினைத்துக்கொண்டுதான் அந்தத் தோட்டத்தில் நடக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வெளியே வந்து பெசன்ட் அவென்யூவில் நடந்தால் ஒரு பள்ளிக்கூடம் வரும். பலரும் கவனிக்காமல் போய்விடுவார்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்காக ஆல்காட் 1894இல் தொடங்கிய இலவசப் பள்ளி. அன்றைக்கு அந்தப் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைக்கவே மறுத்த பள்ளிக்கூடங்கள் இருந்த நாடு இது. இன்றும் ஏழைப் பிள்ளைகள் அங்கே கட்டணமில்லாமல் படிக்கிறார்கள், சாப்பாடும் உண்டு. இந்தப் பகுதியில் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு உ.வே.சா. நூலகம் பக்கம் போங்கள். வேலை நாளா என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது. சீவக சிந்தாமணியை 1887இல், புறநானூற்றை 1894இல், மணிமேகலையை 1898இல் அச்சில் கொண்டுவந்த ஐயர், அதற்காக ஊர் ஊராக அலைந்து, வீடு வீடாகக் கேட்டுச் சேர்த்த சுவடிகள் அங்கேதான் இருக்கின்றன. 1942இல் அவர் மறைந்தார். அடுத்த வருஷமே அவர் பெயரில் நூலகம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் யார் தெரியுமா? அதே ருக்மிணி தேவி. நாட்டியத்துக்கும் ஓலைச்சுவடிக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் யோசித்திருந்தால் அந்த ஓலைகள் எங்கே போயிருக்குமோ!

அங்கிருந்து, ருக்மிணி தேவி தொடங்கிய கலைப் பள்ளியான கலாக்ஷேத்ரா கிட்டத்தில்தான். 1936இல் அடையாற்றில் தொடங்கி, பிறகு திருவான்மியூர்ப் பக்கம் குடிபெயர்ந்தது. கடலோர மணலாக இருந்த இடத்தில் மரம் வைத்து வளர்த்திருக்கிறார்கள். காலையில் மாணவர்கள் ஆலமரத்தடியில் கூடிப் பிரார்த்தனை செய்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவார்கள். டைகர் வரதாச்சாரியார், மைசூர் வாசுதேவாசார், பாபநாசம் சிவன் ஆகியோர் பாடம் சொன்ன நிறுவனம். ஒரு பக்கம் நெசவு, கலம்காரி வேலையும் நடக்கும். தறிச் சத்தமும் நாட்டிய வகுப்பில் தாளம் தட்டும் தட்டுக்கழியின் சத்தமும் ஒரே வளாகத்தில் கேட்கும். பார்க்கப் போவதானால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். அது படிக்கிற பிள்ளைகளின் இடம்.

சாயங்காலம் நடை திறக்கிற நேரத்துக்குத் திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயில். அகத்தியருக்கு மூலிகைகளின் குணத்தைச் சொல்லிக்கொடுத்த ஈசன் என்பது தல வரலாறு. தல மரம் வன்னி. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் இங்கே பாடிய ஒரு பதிகம் ஈசனை விட்டு இந்த ஊரின் கடலில்தான் தொடங்குகிறது. கரைக்கு வரும் சங்கு, சிப்பி, உப்பங்கழியில் துள்ளும் மீன். அந்தக் கழியை இன்று தேடிப் பாருங்கள், கிடைக்காது. பாட்டில் மட்டும் மீன் துள்ளிக்கொண்டிருக்கிறது. எனக்கு அந்தப் பதிகத்தைக் கேட்கும்போதெல்லாம் மனசு கனத்துவிடும்.

பொழுது சாய்வதற்குள் பெசன்ட் நகர் கடற்கரைக்கு வந்துவிடுங்கள். மணலில் வெள்ளையாக நிற்கும் வளைவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். 1930இல் கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட டென்மார்க்குக்காரர் ஷ்மிட்டின் நினைவுச் சின்னம் அது. வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் ஊரூர் ஆல்காட் குப்பம். வலை உலரும், படகுகள் நிற்கும். 2015இல் அந்தக் குப்பத்து மணலிலேயே ஒரு கலை விழா தொடங்கினார்கள். சபா மேடைகளில் கேட்கும் கர்நாடக இசையும் பறையாட்டமும் ஒரே மேடையில் நடந்தன. இங்கே கலை என்றால் மதில் சுவருக்கு உள்ளே இருப்பது மட்டும்தான் என்று நினைத்திருந்தவர்களுக்கு அது நல்ல பாடம்.

சரி, எப்போது போகலாம்? என்னைக் கேட்டால் மார்ச் மாதக் கடைசியில். பங்குனி ஆமை என்கிற கடலாமைகள் ஜனவரியிலிருந்து இந்தக் கரையில் முட்டையிட வரும். 1988லிருந்து ஒரு மாணவர் அமைப்பு ராத்திரியில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்து, அந்த முட்டைகளைத் தேடி எடுத்து, கரையிலேயே வேலி கட்டி மணலில் புதைத்துக் காக்கிறது. நாற்பத்தைந்து நாளைக்கு மேல் ஆகும் குஞ்சு வெளிவர. பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விடும்போது பொதுமக்களும் நின்று பார்க்கலாம்.

போன தடவை என் பேத்தியைக் கூட்டிப் போயிருந்தேன். உள்ளங்கை அகலம்கூட இல்லாத குஞ்சு. அலை வந்து அதைப் பின்னால் தள்ளியது. திரும்பவும் நடந்தது. மூன்றாவது அலையில் போயே போய்விட்டது. பேத்தி ரொம்ப நேரம் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். 29சி புறப்படத் தயாராக இருந்தது, நாங்கள் அடுத்த பஸ்ஸில் வந்தோம்.