முதல் நாற்காலிக்காரர்

நண்பர்களே, வணக்கம்.

சிம்பொனி கச்சேரிக்குப் போனால் நம் கண் கோலை வீசுகிற நடத்துநர் மேல்தான் இருக்கும். அவருக்கு இடப்பக்கம், முதல் வயலின்களில் முதல் நாற்காலியில் இருப்பவரை யார் கவனிக்கிறோம்? அவர்தான் கான்சர்ட்மாஸ்டர். வில்லை எங்கே மேலே தள்ளுவது, எங்கே கீழே இழுப்பது என்று கூட வாசிப்பவர்களுக்கு முடிவு செய்து கொடுப்பவர். நடத்துநர் கையசைத்துக் கேட்பதை ஒலியாக மாற்றித் தருபவர். பாட்டு நடுவே தனி வயலின் வந்தால் அதுவும் இவர் பொறுப்புதான்.

வியன்னாவில் அரை நூற்றாண்டுக்கு மேல் இந்த வேலையைப் பார்த்தவர் ஆர்னால்ட் ரோஸே. 1881இல் அரசவை ஆபராவில், அதாவது இசை நாடக அரங்கில், சேர்ந்தபோது வயது 17. ஆபராவின் வாசிப்பாளர்களிலிருந்துதான் வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவும் அமைகிறது. ரிக்டர், மாலர், வைன்கார்ட்னர், ஃபுர்ட்வெங்லர் என்று நடத்துநர்கள் வந்தார்கள், போனார்கள். ரோஸே இருந்தார். மாலரின் தங்கை யுஸ்டீனைக் கல்யாணமும் செய்துகொண்டார்.

ஆனால் எத்தனை வருடம் உட்கார்ந்திருந்தார் என்பதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. அரசவைச் சம்பளக்காரர், கௌரவமான மனிதர். பேசாமல் பீத்தோவனும் பிராம்ஸும் வாசித்துக்கொண்டு காலம் தள்ளியிருக்கலாம். அவரோ தன் நால்வர் குழுவை வைத்து, அன்று புதுமை இசை எழுதிக்கொண்டிருந்த ஷோன்பெர்க்கின் முதல் இரண்டு குவார்ட்டெட்டுகளை, அதாவது நால்வர் வாசிக்கும் படைப்புகளை, அரங்கேற்றினார். 1908இல் இரண்டாவதை வாசித்தபோது சபையில் சிரிப்பும் கூச்சலும். வாசிப்பவருக்கு அது எப்படி இருக்கும் என்று மேடை ஏறியவர்களுக்குத் தெரியும். அப்போதும் அவர் ஷோன்பெர்க்கைக் கைவிடவில்லை.

அப்புறம் 1938 மார்ச். ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் வந்தது. ரோஸே யூதர். 74 வயதில் வெளியே தள்ளப்பட்டார். அதே வருடம் மனைவி இறந்தார். 1939இல் லண்டன் போனார். இன்னொரு கான்சர்ட்மாஸ்டரான யூலியுஸ் ஸ்ட்வெர்ட்காவுக்குத் தப்ப வழியில்லை. தெரேசியன்ஸ்டாட் நாஜி முகாமில் இறந்தார்.

ரோஸேயின் மகள் அல்மாவும் வயலின் கலைஞர், பெண்கள் இசைக்குழு ஒன்றைத் தானே நடத்தியவர். லண்டனுக்கு வந்துவிட்டவர், சம்பாதிக்க வேண்டுமே என்று ஹாலந்துக்குத் திரும்பிப் போனார். பிறகு பிரான்சில் பிடிபட்டார். ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமில் பெண் கைதிகளின் இசைக்குழுவுக்குத் தலைமை ஏற்றார். குழுவில் இடம் கிடைத்த பெண்கள் பலர் அதனாலேயே உயிர் தப்பினார்கள். அல்மாவோ 1944 ஏப்ரலில் அங்கேயே இறந்தார்.

போர் முடிந்ததும் வியன்னாவிலிருந்து ரோஸேக்கு அழைப்பு வந்தது, திரும்பி வாருங்கள் என்று. வியன்னா ஃபில்ஹார்மோனிக்கில் நாஜிக் கட்சிக்காரர்கள் இன்னும் இருந்தார்கள். அவர் போகவில்லை. 1946இல் லண்டனிலேயே காலமானார். மறுத்ததில் என்ன தப்பு? எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

அவருடைய பழைய இசைத்தட்டுகள் இருக்கின்றன. பீத்தோவனின் ஓபஸ் 131 குவார்ட்டெட்டில் தொடங்குங்கள். இன்றைய வயலின்காரர்களைப் போல ஒவ்வொரு சுரத்தையும் அவர் அதிர விடுவதில்லை, நேராகப் பிடிக்கிறார். முதலில் வெறுமையாகத் தோன்றும், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். அல்மாவுடன் சேர்ந்து வாசித்த பாக்கின் இரட்டை வயலின் கான்செர்ட்டோவும் (இரண்டு வயலின்களுக்கும் குழுவுக்குமான படைப்பு) கிடைக்கிறது.