காது முதலில், கன்று பிறகு

நடுவர் அவர்களே, திருகோணமலை மக்களே, வணக்கம். காலநிலை மாற்றத்தைக் கண்டு கலங்கும் இளையோருக்கு முதலில் தேவை கேட்க ஒரு காதா, செய்ய ஒரு வேலையா? நான் காதின் பக்கம்.

எதிரணி நண்பர் அழகாகப் பேசினார். பிள்ளைகளைக் களப்புக்குக் கூட்டிப்போய், கரைச் சேற்றில் வளரும் கண்டல் மரக்கன்று நட வையுங்கள், கவலை பறந்துவிடும் என்றார். சரி. சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள். 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பொருந்தாத இடத்தில் நட்டதும், நட்டபின் பராமரிக்காததும் காரணம். நட்ட கன்று பட்டுப்போனால், அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள் ஐயா?

எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை. 2024 நவம்பரில் உயர்தரப் பரீட்சை எழுதினாள். மழை வெள்ளத்தால் நடுவில் நின்றது. அடுத்த வருடம் மீண்டும் எழுதினாள். டித்வா புயல் வந்தது, மிச்சப் பாடங்கள் ஜனவரிக்குப் போயின. அதிலிருந்து தகரத்தில் மழை விழுந்தால் அவளுக்குத் தூக்கம் இல்லை.

வீட்டில் என்ன சொன்னார்கள்? "நாங்கள் ஷெல்லடியும் கண்டோம், சுனாமியும் கண்டோம். உனக்கு மழை ஒரு பயமா?" இந்த வசனம் நம் ஊரில் பல வீடுகளில் உண்டு. என் வீட்டிலும் உண்டு, சொன்னவன் நான்தான்.

சொல்வதில் பொய் இல்லை. ஆனால் சுனாமி ஒரு நாள் வந்து போனது. இது கார்த்திகை பிறந்தாலே வாசலில் வந்து நிற்கிறதே! வாடைக்காற்று எப்போது, சோளகக்காற்று எப்போது என்று நம் அப்புமாருக்கு இருந்த நம்பிக்கை இந்தப் பிள்ளைகளுக்கு இல்லை.

2021இல் வெளியான ஓர் ஆய்வில், 10 நாடுகளில் 16 முதல் 25 வயதுள்ள 10,000 பேரிடம் கேட்டார்கள். நூற்றுக்கு 59 பேர் காலநிலையை நினைத்து மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். என்னை உறுத்தியது அதுவல்ல. இதைப்பற்றி வாய்திறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர், தங்கள் பேச்சை மற்றவர்கள் தட்டிக்கழித்ததாகச் சொன்னார்கள். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. நல்லகாலம், என் வசனம் தப்பியது.

தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற உதவித் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அது வேண்டும்தான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு விழித்திருக்கும் பிள்ளை முதலில் திரும்பிப் பார்ப்பது பக்கத்துப் பாயைத்தான்.

அந்தப் பாயில் அவளுடைய அம்மம்மா படுத்திருந்தார். ஓர் இரவு எழுந்து உட்கார்ந்து, "என்ன பிள்ளை யோசிக்கிறாய்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, முக்கியமாக, சுனாமிக் கதையைத் தொடங்காமல் இருந்தார். பிள்ளை விடியும்வரை பேசினாள். பயம் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் காலையில் இருவருமாகப் பாடக் கொப்பிகளைப் பொலித்தீனில் சுற்றி அலுமாரிக்கு மேலே ஏற்றினார்கள். எதிரணி கேட்கும் வேலை அதுதான் நடுவர் அவர்களே. யாரும் சொல்லாமலே நடந்தது.