தங்கிய பிள்ளைகள்

எல்லாருக்கும் வணக்கம்.

உங்கள் வீட்டில் பிச்சை, குப்புசாமி, குப்பம்மாள் என்று தாத்தா பாட்டி யாராவது இருந்தார்களா? கையைத் தூக்குங்கள். பாருங்கள், எத்தனை கை! அதெல்லாம் சும்மா வைத்த பெயர்கள் இல்லை. முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்ததைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று இப்படிக் கூப்பிடுவார்கள். என் அப்பாயி சொல்லும்: "எட்டுப் பெத்தேன், மூணுதான் தங்கிச்சு." அதைச் சொல்லும்போது அழக்கூட அழாது. எனக்குத்தான் தொண்டை அடைக்கும்.

தங்குமோ தங்காதோ என்று பயந்துகொண்டிருக்கும் தாயிடம் போய் "இரண்டோடு நிறுத்து" என்றால் கேட்பாளா? சுவரெல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம் வரைந்தோம், ஆபரேஷனுக்குப் பணம் கொடுத்தோம். அதற்கும் பலன் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஊருக்குள் தடுப்பூசிப் பெட்டியோடு நர்சம்மா நடந்து வந்தாரே, 1982 ஜூலையில் சத்துணவு தொடங்கி பால்வாடி வாசலில் தட்டோடு பிள்ளைகள் உட்கார்ந்தார்களே, அப்போதுதான் தாய்க்குத் துணிச்சல் வந்தது என்பது என் எண்ணம். அப்புறம், இரவு பகலாகத் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையமும் பெண்கள் படித்ததும் சேர்ந்துகொண்டன. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 1992-93-இல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 68 பேர் முதல் வயதுக்குள் இறந்தார்கள். 2019-21-இல் அது 19. அதே காலத்தில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள் 2.5-இலிருந்து 1.8 ஆனது.

ஒரு வருத்தத்தையும் சொல்ல வேண்டும். குடும்பம் சிறுத்தது, ஆண்பிள்ளை ஆசை சிறுக்கவில்லை. வரதட்சணைக்குப் பயந்து உசிலம்பட்டிப் பக்கமும் சேலம், தருமபுரியிலும் பெண் சிசுக்களைக் கொன்றார்கள். வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் விட்டுப்போங்கள் என்று 1992-இல் அரசு தொட்டில் வைக்க வேண்டிய நிலை. அதற்கு மூன்று வருடம் முன்புதான், 1989-இல், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று இங்கே சட்டம் வந்திருந்தது. சட்டம் வந்துவிட்டது, வீட்டுக்குள் நுழைய இன்னும் நாளாகிறது.

இப்போது பேச்சு மாறியிருக்கிறது. 2024 அக்டோபரில் அப்போதைய முதல்வர்கள், ஆந்திராவில் சந்திரபாபு நாயுடுவும் இங்கே ஸ்டாலினும், அதிகப் பிள்ளைகள் பெறுவது பற்றி மேடையில் பேசினார்கள். பெறச் சொல்வது சுலபம். ருமேனியாவில் 1966-இல் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் அரசு கருக்கலைப்பைத் தடைசெய்தது. ஒரே வருடத்தில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள் 1.9-இலிருந்து 3.7-க்குப் பாய்ந்தது. சில வருடங்களில் திரும்பவும் இறங்கிவிட்டது. ரகசியக் கருக்கலைப்பில் ஆயிரக்கணக்கான பெண்கள் செத்தார்கள். 1989-இல் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அரசு விடுதிகளில் கிடந்தார்கள். பலருக்குப் பெற்றோர் உயிரோடுதான் இருந்தார்கள், வளர்க்க வழியில்லாமல் விட்டுவிட்டுப் போனவர்கள். தூக்கிக் கொஞ்ச ஆளில்லாமல் தொட்டிலிலேயே கிடந்த அந்தப் பிள்ளைகளுக்கு நடையும் பேச்சும் பிந்தின.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். இங்கே வரும் வழியில் பாலம் கட்டும் இடத்தில் கம்பிக்கட்டுக்கு நடுவே ஒரு தூளி தொங்கியது. பழைய நீலச் சேலை. உள்ளே ஐந்தாறு மாதக் குழந்தை. நான்கு வயது அக்கா ஒரு கையால் ஆட்டிக்கொண்டே இன்னொரு கையில் பிஸ்கட் தின்றாள். சிமென்ட் தூசி தூளிமேல் படிந்திருந்தது. தாய் சட்டி சுமந்துகொண்டிருந்தாள், போகும்போதும் வரும்போதும் தூளியை ஒரு பார்வை பார்த்தாள்.

தமிழ்நாடு அரசு வேலையில் இருக்கும் பெண்ணுக்கு ஒரு வருடம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு உண்டு, நல்ல காரியம். சித்தாள் வேலைக்குப் போகிறவளுக்கு? முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் உதவித்தொகை வரும். ஆனால் விடுப்பு? குழந்தையைப் பகல் முழுக்க அங்கன்வாடியில் விட அதற்கு இரண்டு வயதாவது ஆக வேண்டும். முன்பு இடையில் பாட்டி இருந்தாள். இன்று பாட்டியும் கூலி வேலைக்குப் போகிறாள், இல்லையென்றால் வேறு ஊரில் இருக்கிறாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பழைய சமுதாயக் கூடம் பூட்டிக் கிடக்கிறது. தண்ணீர் இணைப்பு உண்டு, இரண்டு அறை உண்டு. அதில் ஆறு மாதக் குழந்தைகளிலிருந்து சேர்க்கும் காப்பகம் வேண்டும், மாலை ஆறு வரைக்கும் திறந்திருக்க வேண்டும் என்று மனு எழுதியிருக்கிறோம். வாசல் மேசையில் இருக்கிறது. போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.